பட்டு ரவிக்கையின் மிச்சத் துணியில் பூ செய்யும்போது ஓரம் கருகுகிறது, நூல் பிரிகிறது: என்ன செய்யலாம்?

கேள்வி: தையலறை (திண்டுக்கல்)

அனைவருக்கும் வணக்கம். நான் பதினொரு ஆண்டுகளாக வீட்டிலிருந்தபடியே ரவிக்கையும் சுடிதாரும் தைத்துக் கொடுத்து வருகிறேன். ரவிக்கை வெட்டியபின் மிஞ்சும் துண்டுகளில் உள்ளங்கைக்கு மேல் அகலமுள்ளவற்றை ஓர் உறையில் போட்டு, தைத்த ரவிக்கையோடு உரியவரிடமே கொடுத்துவிடுவது என் வழக்கம். பின்னாளில் அக்குளில் கிழிந்தாலோ கையைச் சற்றுப் பெரிதாக்க வேண்டியிருந்தாலோ அந்தத் துண்டுதான் கைகொடுக்கும். வேண்டாமென்று அவர்கள் விட்டுச்சென்றவை, கழுத்து வளைவிலிருந்து விழும் அரைவட்டங்கள், கைக்குழியிலிருந்து விழும் பிறைத் துண்டுகள் எல்லாம் சேர்ந்து இன்று மூன்று சாக்குகள் நிறைந்துவிட்டன. இவற்றைக் குப்பையில் கொட்ட ஒருநாளும் எனக்கு மனம் வந்ததில்லை.

சென்ற மாதம் ஒரு வாடிக்கையாளர், தம் மகளின் முகூர்த்தச் சேலையோடு வந்த ரவிக்கைத் துணியின் மிச்சத்தில், மணமகளின் சடையில் வைக்க ஏழு பெரிய பூக்களும், சீர்வரிசைத் தட்டுகளின் விளிம்பில் பதிக்க இருபத்தொரு சிறிய பூக்களும் செய்து தரமுடியுமா என்று கேட்டார். சேலையும் ரவிக்கையும் பூவும் ஒரே துணியில் அமைந்தால் எவ்வளவு அழகாக இருக்கும் என்ற ஆசையில் நானும் ஒப்புக்கொண்டேன். மிச்சத் துணியைத் தொடுவதற்கு அஞ்சி, அதே வகையான வேறு பட்டுத் துண்டுகளில் முதலில் பழகிப் பார்த்தேன். நான்கு முறை முயன்றேன்; நான்கும் கைகூடவில்லை.

காணொளியில் கண்டபடி பட்டுத் துணியை வட்டமாக வெட்டி மெழுகுவத்திச் சுடரில் ஓரத்தைக் காட்டியபோது, ஓரம் அழகாகச் சுருளாமல் கருகி, முடி எரிந்த நாற்றம் எழுந்து, தொட்டவுடன் கரித்தூளாக உதிர்ந்து இதழ் முழுவதும் அப்பிக்கொண்டது. அதே துணியில் நீளமான பட்டை வெட்டி ரோஜாவாகச் சுருட்டியபோது, சுருட்டச் சுருட்ட இரு ஓரங்களிலும் நூல் கழன்று பாதி அகலம் காணாமற்போயிற்று. குளூ கன் கொண்டு ஒட்டிய இளஞ்சிவப்புப் பூவில், பசை இருந்த இடமெல்லாம் எண்ணெய் பட்டதைப் போல முன்புறம் திட்டுத்திட்டாகத் தெரிந்தது. பட்டு வேண்டாமென்று என் பழைய சுங்குடிச் சேலையின் துண்டில் செய்தேன். காலையில் நிமிர்ந்து நின்ற இதழ்கள் மாலைக்குள் தொங்கிவிட்டன.

திருமணத்துக்கு இன்னும் ஐந்து வாரங்கள் இருக்கின்றன. கையில் இருக்கும் மூலத் துணி அரை மீட்டருக்கும் குறைவு. அதுவும் ஒழுங்கான சதுரமாக இல்லாமல் துண்டுதுண்டாக இருக்கிறது. எந்தத் துணிக்கு எந்தப் பூ பொருந்தும், பட்டின் ஓரத்தை எப்படிக் காப்பது, இதழுக்கு விறைப்பை எப்படி ஏற்றுவது என்பதை அனுபவம் உள்ளவர்கள் விளக்கினால் பேருதவியாக இருக்கும்.

மறுமொழி 1: கத்தரிக்கோல் (கரூர்)

சகோதரிக்கு வணக்கம். நான் துணி வெட்டும் தொழிலில் இருபத்தாறு ஆண்டுகளாக இருக்கிறேன். உங்கள் நான்கு முயற்சிகளும் கைகூடாமற்போனதற்குக் காரணம் ஒன்றுதான் என்று எனக்குத் தோன்றுகிறது. எந்தப் பூ என்பதை முதலில் முடிவு செய்துவிட்டு, அதன் பிறகு துணியை அதற்கு இணங்கச் செய்ய முயன்றிருக்கிறீர்கள். துணி எந்த நூலால் ஆனது, எவ்வளவு கனமானது, எப்படி மடியும் என்பதைப் பார்த்த பிறகுதான் அதில் என்ன பூ செய்யலாம் என்பதை முடிவு செய்ய வேண்டும்.

காணொளியில் சுடரில் காட்டியது பெரும்பாலும் சாட்டினாக இருந்திருக்கும். சாட்டின் என்பது ஒரு நெசவின் பெயரே தவிர நூலின் பெயர் அன்று. பட்டிலும் சாட்டின் நெய்யலாம், பாலியெஸ்டரிலும் நெய்யலாம். கடையில் மலிவாக மீட்டர் கணக்கில் கிடைப்பது பாலியெஸ்டர் சாட்டின். பாலியெஸ்டரும் நைலானும் சூட்டில் உருகுபவை. ஆகவே சுடரின் அருகே சென்றதும் ஓர நூல்கள் உருகி ஒன்றோடொன்று ஒட்டி, ஓரம் மூடிக்கொண்டு உள்நோக்கிச் சுருள்கிறது. பட்டு அப்படிப்பட்டதன்று. அது நம் தலைமுடியைப் போலப் புரதத்தால் ஆனது, உருகாது, கருகும். முடி எரிந்த நாற்றம் வந்ததாக நீங்கள் எழுதியிருப்பதிலிருந்தே அது உண்மையான பட்டு என்பது விளங்குகிறது. பருத்தியும் உருகாது; காகிதம் போல எரிந்து சாம்பலாகும்.

சாக்கிலுள்ள துண்டுகளை வகைபிரிப்பதற்கு இதையே சோதனையாகப் பயன்படுத்தலாம். ஒவ்வொரு துணியிலிருந்தும் பாவு நூல் (நெடுக்கில் ஓடுவது) சிலவற்றையும் ஊடை நூல் (குறுக்கில் ஓடுவது) சிலவற்றையும் தனித்தனியாக உருவி, இடுக்கியால் பிடித்து, ஒரு தட்டின் மேல் வைத்துச் சுடரில் காட்டுங்கள். இரண்டையும் தனித்தனியாகச் சோதிக்கச் சொல்வதற்குக் காரணம், பட்டு என்ற பெயரில் விற்கப்படும் பல துணிகளில் ஒரு திசையில் மட்டுமே பட்டு இருப்பதுதான். பட்டு மெதுவாக எரிந்து, சுடரை எடுத்ததும் பெரும்பாலும் தானே அணையும்; மிஞ்சும் கரிய மணியை விரலால் நசுக்கினால் பொடியாகிவிடும். பாலியெஸ்டர் உருகிச் சுருண்டு, ஆறியபின் நசுக்க முடியாத கெட்டி மணியாகும். பருத்தி காகித மணத்தோடு எரிந்து மென்மையான சாம்பலை விட்டுச்செல்லும். ஒரு பிற்பகல் உட்கார்ந்தால் மூன்று சாக்குகளையும் பிரித்துவிடலாம்.

உருகும் துணிகளை மட்டும் சுடருக்கு வைத்துக்கொள்ளுங்கள். ஆர்கன்சா, ஜார்ஜெட், ஷிஃபான், கிரேப் ஆகியவையும் பாலியெஸ்டராக இருந்தால் மிக நன்றாகச் சுருளும். சுடரின் உச்சிக்கு மேல் துணியைப் பிடித்தால் கரி படியும். சுடரின் பக்கவாட்டில், அடிப்பகுதியை ஒட்டி, ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் தள்ளிப் பிடித்து இதழைச் சுற்றிக்கொண்டே போக வேண்டும். மின்விசிறியை நிறுத்தி, சன்னலைத் திறந்து, முந்தானையைச் செருகிக்கொண்டு, பக்கத்தில் ஒரு கிண்ணம் நீர் வைத்துக்கொண்டுதான் இந்த வேலையைத் தொடங்க வேண்டும். உருகிய பாலியெஸ்டர் தோலில் பட்டால் ஒட்டிக்கொண்டு ஆழமாகச் சுட்டுவிடும். எனவே இடுக்கி இல்லாமல் செய்யவே கூடாது, குழந்தைகளை அருகே விடவும் கூடாது.

உங்கள் பட்டுக்கு நெருப்பு வேண்டாம். வெட்டப்போகும் கோட்டை முதலில் பின்புறத்தில் வரைந்து, வெள்ளைப் பசையில் சம அளவு நீர் கலந்து, மெல்லிய தூரிகையால் அந்தக் கோட்டின் மீது மட்டும் தடவி, நன்றாகக் காய்ந்தபின் கோட்டின் மேலேயே வெட்டினால் நூல் பிரியாது. வெட்டிவிட்டுப் பிறகு பசை தடவுவதில் பயனில்லை. அதற்குள் நூல் கழன்றிருக்கும். ஆனாலும் பட்டு நீர்க்கறை பிடிக்கும் துணி என்பதால், பயன்படாத ஓரத்தில் ஒரு துளி வைத்துப் பார்த்தபிறகே இதைச் செய்யுங்கள். இதைவிடப் பாதுகாப்பான வழி, வெட்டிய ஓரமே வெளியே தெரியாத பூவைத் தேர்ந்தெடுப்பது.

நூல் பிரிவதை எல்லா இடத்திலும் குறையாகக் கருத வேண்டியதில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். நான்கு சென்டிமீட்டர் அகலமும் பத்து சென்டிமீட்டர் நீளமுமான பட்டுத் துண்டில், ஒரு சென்டிமீட்டர் விட்டு மீதியில் நீளவாக்கு நூல்களை எல்லாம் உருவிவிட்டுச் சுருட்டிக் கட்டினால், பூவின் நடுவே வைக்கத்தக்க பட்டிழை மகரந்தக் கொத்து கிடைக்கும். கடையில் விற்கும் பிளாஸ்டிக் மகரந்தத்தை நான் அதற்குப் பக்கத்தில்கூட வைக்கமாட்டேன்.

மறுமொழி 2: பவளமல்லி (தஞ்சாவூர்)

மகளுக்கு வாழ்த்துகள். பள்ளியில் கைத்தொழில் ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள் நான். துணியைப் பற்றி முன்னவர் தெளிவாகச் சொல்லிவிட்டார்; நான் ஊசி வேலையைப் பற்றிச் சொல்கிறேன்.

உன் ரோஜா பிரிந்ததற்குப் பட்டு மட்டும் காரணமன்று. நீ பட்டையை நேராக வெட்டியிருப்பாய். நேராக வெட்டினால் ஓரத்துக்கு இணையாக ஓடும் நூல்கள் ஒவ்வொன்றாகக் கழன்று வெளியேறுவதற்கு வழி திறந்துவிடுகிறது. கழுத்துக்குப் பைப்பிங் வைக்கத் துணியை எப்படிக் கிராஸாக வெட்டுகிறாயோ, அப்படியே இதையும் 45 பாகைச் சாய்வில் வெட்ட வேண்டும். அப்போது பாவும் ஊடையும் இரண்டுமே ஓரத்தில் சாய்ந்து முடிவதால் ஒரு நூல்கூட முழுநீளத்துக்குக் கழல முடியாது. துணியும் இழுத்த பக்கம் வளைந்து கொடுக்கும். ஆறு சென்டிமீட்டர் அகலமும் நாற்பத்தைந்து சென்டிமீட்டர் நீளமுமான கிராஸ் பட்டையை, நல்ல பக்கம் வெளியே தெரியும்படி நீளவாக்கில் இரண்டாக மடித்துக்கொள். மடிப்பை இஸ்திரி போட்டு அழுத்தாதே. அழுத்தினால் இதழ் விளிம்பு தட்டையாகி உயிரற்றுப் போகும். இரு முனைகளையும் சரிவாக வெட்டிவிட்டு, திறந்த ஓரத்தில் இரட்டை நூலால் ஓட்டுத் தையல் போட்டுப் பாதி நீளத்துக்குச் சுருக்கு. தொடக்கத்தில் இறுக்கமாகவும் போகப்போகத் தளர்வாகவும் சுருட்டி, ஒவ்வொரு சுற்றுக்கும் அடியில் இரண்டு தையல் போட்டுக்கொண்டே வந்தால், ஐந்து அல்லது ஆறு சென்டிமீட்டர் அகலத்தில் ரோஜா நிற்கும். மடிப்புதான் வெளியே தெரியும். வெட்டிய ஓரம் முழுவதும் அடியில் மறைந்துவிடும்.

ஆனால் கழுத்து வளைவில் விழுந்த துண்டில் நாற்பத்தைந்து சென்டிமீட்டர் கிராஸ் பட்டை தேறாது. சிறு பட்டைகளைச் சாய்வாக இணைத்துத் தைக்கலாம் என்றாலும் கனத்த பட்டில் அந்த இணைப்பு முண்டாகத் தெரியும். ஆகையால் சடைப் பூவுக்கு மடிப்பு இதழ்ப் பூவையே நான் சொல்வேன். ஏழு சென்டிமீட்டர் விட்டமுள்ள ஐந்து வட்டங்களை வெட்டி, ஒவ்வொன்றையும் பாதியாகவும் மறுபடி பாதியாகவும் மடித்துக் கால் வட்டமாக்கிக்கொள். வளைந்த ஓரத்தில் ஓட்டுத் தையல் போட்டு, நூலை அறுக்காமல் அடுத்த வட்டத்தையும் அதே நூலில் கோத்து, ஐந்தும் முடிந்தபின் இழுத்து முதல் இதழோடு கட்டிவிட்டால் ஐந்திதழ்ப் பூ விரியும். இதிலும் பிரியும் ஓரம் எல்லாம் நடுவில் சென்று சேர்ந்துவிடும். அதன் மேல் ஒரு பொத்தானோ சிறிய துணி மொட்டோ வைத்துத் தைத்தால் போதும்.

ஒன்றைக் கேட்க மறந்துவிட்டேன். அந்தப் பட்டு, பாவு ஒரு நிறமும் ஊடை வேறு நிறமுமாக நெய்யப்பட்ட இரட்டை நிறத் துணியா? மயில் கழுத்து நிறம் போல அசைத்தால் நிறம் மாறுமானால், இதழ்களைக் கோக்கும்போது ஒன்றை நெடுக்கிலும் அடுத்ததைக் குறுக்கிலும் மாற்றி மாற்றி வை. ஒரே துணியிலிருந்து இரண்டு சாயல்கள் வெளிப்படும். கால் வட்டமாக மடிப்பதற்கு முன்பே நூலோட்டத்தைப் பென்சிலால் குறித்துக்கொண்டால்தான் இது கைவரும். என் மாணவிகளிடம் இதைக் காட்டும்போதெல்லாம் அவர்கள் கண்கள் விரிந்ததை நான் இன்னும் மறக்கவில்லை.

தட்டுகளுக்கான சிறு பூக்களுக்கு, சுருக்குப் பையைப் போல இழுத்து மூடும் யோ-யோ பூ மிகவும் ஏற்றது. அதைச் சுங்குடித் துண்டிலும் செய்யலாம், பட்டிலும் செய்யலாம். பத்து சென்டிமீட்டர் வட்டத்திலிருந்து நாலரை சென்டிமீட்டர் அளவுக்குப் பூ வரும். ஓரத்தை அரை சென்டிமீட்டர் உள்ளே மடித்துக்கொண்டே தைக்க வேண்டும். தையல் நெருக்கமாக இருந்தால்தான் அழகு என்று எண்ணிச் சிறுசிறு தையலாகப் போடுவதுதான் எல்லாரும் செய்யும் தவறு. தையல் சிறிதானால் மடிப்புகள் மிகுந்து நெருக்கிக்கொண்டு, நடுவே பெரிய துளை நின்றுவிடும். அரை முதல் முக்கால் சென்டிமீட்டர் நீளத்துக்குத் தையலைப் போட்டால் மடிப்புகள் குறைந்து நடுப்பகுதி நன்றாக மூடிக்கொள்ளும்.

மறுமொழி 3: வெண்தாழை (சென்னை)

என் கணவரின் பணியை முன்னிட்டு ஜப்பானில் ஏழாண்டுகள் வாழ்ந்தபோது, அங்கே பட்டுத் துண்டுகளில் பூ செய்யும் 'ட்சுமாமி சைகு' என்ற கைவேலையை ஒரு முதியவரிடம் ஓரளவு கற்றேன். 'ட்சுமாமி' என்றால் கிள்ளிப் பிடித்தல் என்று பொருள். எடோ காலத்திலிருந்து (17 முதல் 19ஆம் நூற்றாண்டு வரை) வழங்கிவரும் இந்த வேலையில் பெரும்பாலும் கொண்டை ஊசிகளுக்கான பூக்களைச் செய்வார்கள். கியோத்தோ நகரத்தில் ஆடல் பயிலும் மைக்கோ பெண்கள் மாதத்துக்கு ஒரு பூவாக, ஏப்ரலில் செர்ரி, மே மாதத்தில் விஸ்டீரியா என்று முறை வைத்து, இவ்வாறு பட்டில் செய்த பூக்களைத் தலையில் அணிவதைக் கண்டிருக்கிறேன்.

உங்கள் கேள்விக்கு இது நேரடியாகப் பொருந்தும் என்பதால்தான் சொல்கிறேன். இந்த வேலையில் நெருப்பும் இல்லை, பெரும்பாலும் தையலும் இல்லை. மெல்லிய பட்டுத் துணியைச் சிறு சதுரங்களாக வெட்டி, ஒவ்வொன்றையும் மூலைவிட்டத்தில் மடித்து முக்கோணமாக்கி, அதை மேலும் பாதியாக்கி, இன்னொரு முறையும் பாதியாக இடுக்கியால் மடித்தால் கூரிய இதழ் கிடைக்கும். மூன்றாவது மடிப்புக்குப் பதிலாக இரு முனைகளையும் பக்கத்துக்கு ஒன்றாக வெளிப்புறம் திருப்பி உச்சிக்குக் கொண்டுவந்தால் உருண்ட இதழ் கிடைக்கும். ஒரு பலகையில் அரிசிப் பசையைச் சீராகப் பரப்பி, மடித்த இதழ்களின் அடி ஓரத்தை அதன்மீது வரிசையாக நிறுத்திவைப்பார்கள். பிரியும் ஓரங்கள் எல்லாம் அந்த அடிப்பக்கத்தில்தான் இருக்கின்றன. பசையை அளவாக உறிஞ்சியதும் ஓரம் தானே அடங்கிவிடுகிறது. அதன்பிறகு இதழ்களை ஒவ்வொன்றாக எடுத்து, வட்டமான அடித்தளத்தின்மீது அடுக்குகிறார்கள்.

அங்கே பயன்படுத்தும் பட்டு 'ஹாபுதாய்' என்ற மிக மெல்லிய, எடையற்ற துணி. காஞ்சிபுரம் பட்டு பல இழைகளை முறுக்கி நெய்ததால் அதைவிடப் பன்மடங்கு கனமானது. மூன்று சென்டிமீட்டர் சதுரத்தில் அதை மடிக்க முயன்று நான் தோற்றேன். ஐந்து சென்டிமீட்டருக்குக் குறையாமல் வெட்டினால்தான் மடிகிறது, அதுவும் உருண்ட இதழ் மட்டுமே ஒழுங்காக அமைகிறது. மென்பட்டு என்று விற்பவற்றில் நான்கு சென்டிமீட்டரே போதும். பசைக்கு, குழைய வெந்த சோற்றைப் பிசைந்து மெல்லிய துணியில் வடிகட்டினால் போதுமானது. அது தோசை மாவைவிடக் கெட்டியாக இருக்க வேண்டும். தளர்ந்தால் ஈரம் ஏறி நீர்க்கறை தோன்றிவிடும்.

மறுமொழி 4: சலங்கைப்பூ (வேலூர்)

சோற்றுப் பசை, கஞ்சி ஆகியவற்றைப் பற்றி எனக்கு ஒரு மறுப்பு உண்டு. நான் பரதநாட்டியம் ஆடும் பிள்ளைகளுக்குத் துணியில் மல்லிகைச் சரமும் கனகாம்பரச் சரமும் செய்து கொடுக்கிறேன். நிகழ்ச்சி முடியும்வரை வாடாமலும் உதிராமலும் இருக்க வேண்டும் என்பதால் மேடைக்குத் துணிப் பூவையே பலரும் விரும்புகிறார்கள். தொடக்கத்தில் எல்லாவற்றுக்கும் கஞ்சி போட்டு வந்தேன். ஒரு மழைக்காலம் முழுவதும் பெட்டியில் வைத்திருந்து திறந்தபோது, கரப்பான் அரித்து இதழ்களின் விளிம்பு ரம்பப் பல்லாகியிருந்தது. மாவுப் பசையில் பூச்சி அணுகாமலிருக்க மயில் துத்தம் கலப்பது பழைய வழக்கம். ஆனால் அது நஞ்சு, நீலச் சாயலும் ஏறும். தலையில் வைக்கும் பொருளிலும் குழந்தைகள் தொடும் பொருளிலும் அதைச் சேர்க்கவே கூடாது.

ஆகவே என் முறையைச் சொல்கிறேன். பருத்தித் துண்டுகளில் ஒரே முறை அணிந்துவிட்டு எடுத்துவைக்கும் அலங்காரத்துக்கு மட்டும் ஜவ்வரிசிக் கஞ்சி போடுவேன். சேலைக்குப் போடுவதைவிட இரு மடங்கு கெட்டியாகக் காய்ச்சி, வெட்டுவதற்கு முன்பே முழுத் துண்டையும் தோய்த்து, நிழலில் காயவைத்து, சற்று ஈரம் இருக்கும்போதே பின்புறமாக இஸ்திரி போட்டால் துணி காகிதத்தைப் போல விறைத்துவிடும். வெட்டினாலும் எளிதில் பிரியாது. உங்கள் சுங்குடிப் பூ தொங்கியதற்கு இது தீர்வாகும். இதழுக்குக் குழிவு வேண்டுமானால், மடித்த துண்டின்மேல் இதழை வைத்து, சூடாக்கிய கரண்டியின் முதுகால் நடுவில் அழுத்தினால் கிண்ணம்போலக் குழியும்.

பட்டுக்கு நான் கஞ்சியே போடுவதில்லை. சட்டைக் காலருக்குள் வைக்கும் கேன்வாஸில், இஸ்திரிச் சூட்டில் ஒட்டிக்கொள்ளும் மெல்லிய வகையை வாங்கி, பட்டின் பின்புறத்தில் ஒட்டிவிட்டே வெட்டுகிறேன். விறைப்பும் கிடைக்கிறது, நூல் பிரிவதும் நிற்கிறது, பூச்சி அரிப்பதும் இல்லை. ஆனால் கனமான பட்டில் இதை ஒட்டினால் மடிப்பு இதழ்ப் பூவுக்கு ஆகாது. அடுக்கடுக்காகத் தட்டை இதழ் வைக்கும் பூவுக்கே ஆகும்.

குளூ கன் பசையைத் தலையில் வைக்கும் எதற்கும் நான் பயன்படுத்துவதை விட்டுவிட்டேன். அது சூட்டில் இளகும் பொருள். மே மாதத்தில் பூட்டிய காருக்குள் வைத்திருந்த சரத்தில் பாதிப் பூக்கள் கழன்று விழுந்திருந்தன. அன்று மாலை ஆடவேண்டிய பிள்ளைக்கு வேறு சரம் கிடைப்பதற்குள் நான் பட்ட தவிப்பைச் சொல்லி முடியாது. இப்போது எல்லாவற்றையும், ஃபெல்ட் என்ற நூல் பிரியாத கெட்டித் துணியில் வெட்டிய வட்டத்தின்மேல் தைத்தே முடிக்கிறேன். ஃபெல்ட் இன்னொரு நன்மையும் செய்கிறது: சடையில் உள்ள எண்ணெய் நேராகப் பட்டில் ஏறாமல் தடுக்கிறது. உங்கள் ஏழு சடைப் பூக்களுக்கும் அடியில் பூவைவிட ஒரு சென்டிமீட்டர் குறைவான ஃபெல்ட் வட்டத்தைத் தைத்து, அதன்மேல் கொண்டை ஊசி நுழையும் அளவுக்கு நாடாப் பட்டை ஒன்றைக் குறுக்கே தைத்துவிடுங்கள். கிளிப்பை ஒட்டுவதைவிட இது உறுதியானது. சடையின் பருமனுக்கு ஏற்ப இடம் மாற்றவும் வசதியானது.

மறுமொழி 5: பவளமல்லி (தஞ்சாவூர்)

வேலூர்ச் சகோதரி சொன்னதில் பெரும்பகுதியை நானும் ஏற்கிறேன். ஆயினும் மணநாளுக்குச் செய்யும் பட்டுப் பூவில் கேன்வாஸ் ஒட்டுவது எனக்கு உடன்பாடில்லை. பட்டின் அழகே அதன் மடிப்பில் ஒளி வழுக்கி ஓடுவதில்தான் இருக்கிறது; கேன்வாஸ் ஒட்டினால் அது அட்டைப் பூவாகிவிடும். காஞ்சிபுரம் பட்டு தன் கனத்தினாலேயே நிற்கக்கூடியது. மடித்துத் தைத்தால் அதற்கு வேறு விறைப்பு எதுவும் தேவைப்படாது. மெல்லிய பட்டாக இருந்தால் மட்டும் உள்ளே ஆர்கன்சாத் துண்டு ஒன்றை வைத்து இரண்டையும் சேர்த்து மடித்துக்கொள்ளலாம்.

தையலறை (திண்டுக்கல்)

உங்கள் அனைவருக்கும் என் நெஞ்சார்ந்த நன்றி. இரண்டு நாட்கள் அமர்ந்து மூன்று சாக்குகளையும் நூல் உருவிச் சோதித்துப் பிரித்தேன். பட்டு என்று நான் இத்தனை நாள் எண்ணியிருந்த துண்டுகளில் ஏறக்குறைய பாதி, கெட்டி மணியாக உருகியது எனக்குப் பெரும் வியப்பாக இருந்தது. வாடிக்கையாளரின் துணி பாவிலும் ஊடையிலும் பட்டுதான். பவளமல்லி அம்மா கேட்டபடி அது இரட்டை நிறத் துணியே. அரக்குப் பாவும் கரும்பச்சை ஊடையும் கொண்டது. பழகுவதற்கு வேறொரு இரட்டை நிறத் துண்டில் நெடுக்கும் குறுக்குமாக ஆறு இதழ் வைத்துச் செய்து பார்த்தேன். ஐந்து இதழாக வைத்தால் ஒரே சாயல் இரண்டு அடுத்தடுத்து வந்துவிடுவதால் ஆறாக்கினேன். சன்னல் வெளிச்சத்தில் வைத்துத் திருப்பியபோது மூன்று இதழ்கள் சிவந்தும் மூன்று இதழ்கள் இருண்டும் தெரிந்தன. என் மாமியார் அதை வாங்கி வெகுநேரம் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தார்.

மூலத் துணியைக் காகித வட்டங்களை அடுக்கி அளந்து பார்த்ததில் ஆறு இதழ்ப் பூ ஏழுக்கும் சரியாகப் போதுகிறது. தட்டுகளுக்கான இருபத்தொரு யோ-யோ பூக்களை, அதே அரக்கு நிறத்தில் என்னிடமுள்ள வேறு துண்டுகளில் செய்துகொள்ளலாமா என்று வாடிக்கையாளரிடம் கேட்டேன், அவரும் இசைந்தார். இப்போது எஞ்சியிருப்பது இரண்டு விரற்கடை அகலமுள்ள ஜரிகைக் கரைத் துண்டுகள் நான்கு. இவற்றையும் பூவில் சேர்க்க வேண்டும் என்று மணமகள் விரும்புகிறார். மடித்தால் ஜரிகை முறிந்துவிடுமோ என்று அஞ்சிக் கத்தரியை எடுக்காமல் இருக்கிறேன்.

மறுமொழி 6: கத்தரிக்கோல் (கரூர்)

உங்கள் அச்சம் நியாயமானது. முதலில் கரையின் வெட்டு முனையிலிருந்து ஒரு ஜரிகை இழையை உருவிப் பாருங்கள். தூய ஜரிகை என்றால், சிவப்புப் பட்டிழையின்மேல் தட்டையாக்கிய வெள்ளிக் கம்பியைச் சுற்றி அதற்குப் பொன்முலாம் பூசியிருப்பார்கள். நகத்தால் சுரண்டினால் உள்ளே சிவப்பிழை தெரியும். பளபளப்பு ஏற்றிய பிளாஸ்டிக் இழையாக இருந்தால் இஸ்திரிப் பெட்டியின் சூட்டில் சுருங்கிவிடும். அதனால் எதுவாக இருந்தாலும் மேலே பருத்தித் துணி விரிக்காமல் இஸ்திரி போட வேண்டாம்.

ஜரிகையைக் கூரிய மடிப்பாக மடிக்காதீர்கள். இதழாகவும் ஆக்காதீர்கள். அதற்கு உரிய இடம் பூவின் நடுவே. கரையை நீளவாக்கில் அரை விரற்கடை அகலப் பட்டையாக வெட்டி, ஜரிகை வெளியே தெரியும்படி ஒரு மெல்லிய பருத்திக் கயிற்றின்மேல் சுற்றித் தைத்து, அந்தக் கயிற்றைச் சங்குச் சுருளாகச் சுருட்டினால் கட்டைவிரல் நகத்தின் அளவுக்கு ஒரு பொற்குமிழ் வரும். மடிப்பு இல்லாமல் வளைவு மட்டுமே இருப்பதால் ஜரிகை முறியாது. வெட்டிய ஓரங்களும் கயிற்றின் அடியில் ஒதுங்கிவிடும். பவளமல்லி அம்மா பொத்தான் வைக்கச் சொன்ன இடத்தில் இதை வைத்துத் தைத்துவிடுங்கள். ஏழு குமிழ்களுக்கு உங்களிடமுள்ள நான்கு துண்டுகளில் இரண்டே போதும்.

பூக்களைக் கொடுக்கும்போது, அணிந்தபின் வாசனைத் திரவியம் தெளிக்க வேண்டாம் என்று மணமகளிடம் சொல்லிவிடுங்கள். அது பட்டால் ஜரிகை கறுக்கும். பிளாஸ்டிக் பையில் வைக்காமல் வெளுத்த பழைய வேட்டித் துண்டில் சுற்றிக் கொடுங்கள். மிஞ்சிய இரண்டு கரைத் துண்டுகளையும் நீங்கள் வழக்கமாகக் கொடுக்கும் அந்த உறையில் போட்டு, அந்துருண்டை நேராக ஜரிகையில் படக்கூடாது என்று அதன்மேல் எழுதிவிடுங்கள்.